சக்கரத்துக்கு வைத்த பொட்டு

அது விக்கிரம வருஷத்து ஆயுத பூஜை என்பது என் முடிவு. அதற்கு முந்திய பிரமாதி வருஷம் என்று என் தம்பி சாதிக்கிறான். அவன் அப்போது தொட்டிலில் கிடந்தவன், ஆகவே அவனுடைய சாட்சியத்தை நான் ஏற்பதில்லை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி ஒரு வருஷம் கடந்திருந்தது. ஆனால் பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் முறை இன்னும் வரவில்லை. பெரியப்பா தர்மபுரியில் வேண்டிய மட்டும் டின்னில் வாங்கி வந்துகொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1940 தவிர வேறு வருஷம் பொருந்தாது. தர்மபுரி அன்று ஜில்லா அல்ல, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. எங்கள் வீடு காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. எனக்கு எட்டு வயது.

பெரியப்பாவிடம் ஒரு கார் இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. சுற்று வட்டாரத்தில் சொந்தக் கார் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்று பெரியப்பா சொல்வார். நான் பின்னாளில் விசாரித்ததில், இன்னும் இரண்டு பேரிடம் கார் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கார்கள் அப்போது ஓடவில்லை. ஆகவே அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை.

எங்கள் கார் ஓடும்போது ஒழுங்காகத்தான் ஓடும். நிற்பதில்தான் அதற்குச் சங்கடம். எஞ்சினை அணைக்காமல் ஓரிடத்தில் நிறுத்தினால் உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கும். முன்விளக்குக் கண்ணாடி கிடுகிடுக்கும். இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பின் சீட்டில் பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டி துள்ளித் துள்ளி ஓரத்துக்கு வந்து கீழே விழும். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு எஞ்சின் அணைந்துவிடும். சந்தை நாளில் காரிமங்கலத்தில் இது நடந்தால் மாட்டு வியாபாரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொள்வார்கள்.

"ஏனுங்க, வண்டிக்குக் குளிர் காய்ச்சலுங்களா?" என்று ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது.

"ஒரு கம்பளி வாங்கிப் போத்தி உடுங்க. எங்கிட்டயே இருக்குது, வெலை கொறச்சுத் தாரேன்" என்றார் பக்கத்தில் கம்பளி விற்றுக்கொண்டிருந்தவர்.

பெரியப்பா சிரிக்க மாட்டார். தர்மபுரியில் ஒருவர் பிளக்குகளை மாற்றினார். சேலத்தில் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பெரியம்மா தன் பங்குக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். உடைத்த அன்று கார் கொஞ்சம் நன்றாக நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த நிலையில்தான் சித்தப்பா பண்டிகைக்கு வந்து சேர்ந்தார். மூன்று பேரில் அவர் கடைசி. பெரியப்பா மூத்தவர், எங்கள் அப்பா நடுவில். வயதில் மட்டுமல்ல, வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் அப்பா நடுவில்தான் இருப்பார். சித்தப்பா வீட்டில் ஒருவரையும் கேட்காமல் பெங்களூரில் ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் போய்ச் சேர்ந்தவர். சட்டைப் பையில் சீப்பு, வாயில் எப்போதும் சீட்டி. அந்த வைகாசியில்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி ஓசூர்ப் பக்கம். பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவள் எங்கள் வீட்டில் இருந்தாள், அவர் பெங்களூரில் இருந்தார். மாதம் ஒருமுறை அவர் பஸ்ஸில் வந்து இறங்கினால் அன்று சித்தி குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுவாள்.

சித்தப்பா நடுங்கும் எஞ்சின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் நின்றார். கொஞ்சம் நாடகம் அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

"அண்ணா, இது பிளக்கும் இல்லீங்க, கார்புரேட்டரும் இல்லீங்க. உள்ளார டைமிங் செயின் தளந்து போச்சு."

"செயினா? அது சைக்கிளுக்கில்ல இருக்கும்?" என்றார் பெரியப்பா.

"இதுக்கும் ஒண்ணு இருக்குதுங்க, மூடி போட்டு உள்ளார. நம்ம கவலையில மாடு கட்டித் தண்ணி எறைக்கறப்ப ரெண்டு கயிறு இருக்குதில்ல? தடிக் கயிறு தண்ணி மொள்ளற சாலைத் தூக்குது. சின்னக் கயிறு சாலோட வாயைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வருது. அந்தச் சின்னக் கயிறு நீண்டு தொங்கிப் போச்சுன்னா என்ன ஆவும்?"

"வாய் கீழ தொங்கிரும். மேல வர்றதுக்குள்ள பாதித் தண்ணி கெணத்துலயே ஊத்திரும்."

"அதேதானுங்க இங்கயும். எஞ்சின் மூச்சு விடறதுக்கு உள்ளார கதவு மாதிரி வால்வு இருக்குது. எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு அந்தச் செயின்தான் இழுத்துச் சொல்லுது. செயின் நீண்டு போனா வால்வு பிந்தித் தொறக்குது. வேகமா ஓடறப்பத் தெரியாது. நின்னா மூச்சு முட்டுது."

பெரியப்பா மீசையை நீவினார். அந்த விளக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது என்பதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. ஏனென்றால் சித்தப்பா வந்த நாள் முதலாக ஒரே பேச்சுத்தான். தர்மபுரியில் சாலையோரம் எங்களுக்கு ஒரு புளியந்தோப்பு இருந்தது. அதில் கொட்டகை போட்டு, சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்துக்கொண்டு, சித்தியையும் கூட்டிப்போய் அங்கேயே குடியிருக்க அண்ணனுடைய அனுமதி வேண்டும். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று சொன்னார்.

"சரி, மாத்து. மாத்திட்டு வண்டிய நின்ன எடத்துல ஓட உடு. பானட்டு மேல ஒரு டம்ளர் மோர் வெப்பேன், விளிம்பு வரைக்கும். சிந்தாம நின்னுச்சுன்னா தோப்பை எடுத்துக்க. சிந்துச்சுன்னா தோப்பும் இல்ல, பெங்களூரும் இல்ல. வூட்டோட இருந்து வெள்ளாமையப் பாரு."

"எவ்வளவு சிந்துனா சிந்துனதுங்க அண்ணா? அரை டம்ளருங்களா?"

"ஒரு சொட்டு."

அப்பா இருவரையும் பார்த்து இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவைத்தார்.

புங்க மரத்தடியில் வேலை தொடங்கியது. ரேடியேட்டரைக் கழற்றி, முன்பக்க மூடியைத் திறந்ததும், கன்னங்கரேலென்று எண்ணெய் அழுக்குக்குள் மேலே ஒரு பெரிய பல்சக்கரம், கீழே ஒரு சின்னப் பல்சக்கரம், இரண்டையும் சுற்றித் தொளதொளவென்று ஒரு செயின். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றி ஓர் இடத்தில் நிறுத்தினார் சித்தப்பா. பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, ஒன்றையொன்று பார்த்து நின்ற இரண்டு பற்களில் ஆளுக்கொரு புள்ளி வைத்தார்.

"இது எதுக்குச் சித்தப்பா?"

"மறுபடி மாட்டறப்ப இந்தப் பல்லும் அந்தப் பல்லும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கணும். ஒரு பல்லு தள்ளிப் போனாலும் ரெண்டுக்கும் சண்டை வந்துரும். கம்பெனிக்காரன் அடிச்ச குறி இந்த அழுக்குக்குள்ள எங்கயோ கெடக்கும். அதை எவன் தேடறது? நம்ம சுண்ணாம்பு போதும்."

பிறகு சக்கரங்களையும் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தார். புதுச் செயினுக்குப் பஸ் டிரைவர் மூலம் பெங்களூருக்குச் சொல்லியனுப்பினார். அது ஆயுத பூஜையன்று காலையில்தான் வந்தது. அதை வாங்கிவரச் சித்தப்பா சைக்கிளில் காரிமங்கலம் போனார்.

அவர் போன நேரத்தில் பெரியம்மா களத்தில் இறங்கினாள். ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் இரும்பென்று பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருளும் தப்பாது. ஏர்க் கொழு, கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி, தேங்காய்த் துருவி எல்லாம் கிணற்றடிக்கு வரும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வரிசையாக வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷம் புங்க மரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தவற்றையும் பெரியம்மா கண்டாள்.

"ஐயோ, என்ன இது இப்புடி அழுக்கா! சாமி முன்னால இதையா வெக்கறது? எடுடி அம்மிணி, கெணத்தடிக்கு" என்றாள் சித்தியிடம்.

"அக்கா, அவரு கேட்டாருன்னா?"

"கேக்கட்டும். சுத்தம் பண்ணுனதுக்கு எந்த ஆம்பளை கோவிச்சிருக்கான்?"

சித்தி தேய்த்தாள். ஸ்பானர், ஜாக்கி, போல்ட், பெரிய சக்கரம், சின்னச் சக்கரம் எல்லாம் வெள்ளிப் பாத்திரம்போல் பளபளத்தன. சித்தப்பா திரும்பி வந்தபோது எல்லாம் வரிசையில் ஏறிவிட்டன, பொட்டோடும் பூவோடும். பூஜைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. அவர் கொண்டுவந்த புதுச் செயினையும் பெரியம்மா வாங்கிக்கொண்டாள். கடையில் யார் யார் கை பட்டதோ என்று அதையும் ஒரு கழுவு கழுவி, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இரட்டை வரிசையில் நெருக்கமாகக் கோத்த புது உலோகம் வெயிலில் மின்னியது. சும்மா இருக்க மாட்டாமல் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பாதிதான் சுற்றியது.

"ஒட்டியாணம் மாதிரி இருக்குது. இதையா கொண்டுபோயி உள்ளார வெச்சு மூடறது?"

"துருப் புடிச்சிரும் அண்ணி!" என்று சித்தப்பா அலறி, ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயில் அதை முக்கி வைத்தார். அந்தக் கிண்ணத்துக்கும் பொட்டு வைக்கப்பட்டது.

விஜயதசமி காலையில் சித்தப்பா குளித்துவிட்டு வந்து, பூவை எடுத்துவிட்டுச் சக்கரங்களைக் கையில் எடுத்தார். ஒவ்வொன்றிலும் பற்களின் ஓரமாகச் சந்தனத்தின் நடுவில் குண்டாக ஒரு குங்குமப் பொட்டு.

"பரவால்லயே! நான் சுண்ணாம்பு வெச்ச எடமாப் பாத்துப் பொட்டு வெச்சிருக்காங்க. நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கும் மெக்கானிக் வேலை வருது" என்று சீட்டியடித்துக்கொண்டே, பொட்டும் பொட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கும்படி வைத்து, புதுச் செயினை மாட்டினார். அது விண்ணென்று நின்றது. மூடினார். ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்.

ஊரில் பாதி வந்துவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பெரியப்பா புது வேட்டியோடு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பெரியம்மா மோர் டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். சித்தப்பா முன்னால் குனிந்து, எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெடித்தது. கோயில் திருவிழாவில்கூட அப்படி ஒரு வேட்டுச் சத்தம் நான் கேட்டதில்லை. ஹேண்டில் திருப்பி உதைத்ததில் சித்தப்பா சாமந்திப் பூக் கூடையில் போய் உட்கார்ந்தார். பின்னால் குழாயிலிருந்து கரும்புகை சீறியது. கட்டியிருந்த செவலைக் காளை முளையைப் பிடுங்கிக்கொண்டு கேழ்வரகுக் காட்டுக்குள் ஓடியது, அதைப் பிடிக்க வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஓடினார்கள். பெரியம்மாவின் கையிலிருந்த மோர் அவள் சேலையில் இருந்தது.

"கார் கெளம்பறதுக்கு முன்னாலயே சிந்திருச்சுங்களே!" என்று யாரோ சொன்னார்கள்.

இன்னும் சில தடவை சுற்றிப் பார்த்தார். துப்பியது, தும்மியது, உதைத்தது. ஓடவில்லை. சித்தப்பாவின் உள்ளங்கை வீங்கிவிட்டது. சீட்டி நின்றுவிட்டது.

பெரியப்பா திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் காரிலிருந்து இறங்கி, சித்தப்பாவின் தோளில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைத் தட்டிவிட்டார். "போனாப் போவுது உடுடா. நல்ல நாளும் அதுவுமா இதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு. சாப்புட வா. ஏ, எங்க மூணு பேரு எலையும் சேத்துப் போடுங்க" என்றார். அன்று அவரே எழுந்து தம்பிக்கு இரண்டாந்தரம் பாயசம் ஊற்றினார். பொறி கலங்கிய காருக்குச் சொந்தக்காரர் இத்தனை உற்சாகமாக இருப்பது பெரிய மனிதருக்கு அழகு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் சித்தப்பா மரத்தடிக்குப் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சித்தி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்து அவர் கையில் தடவினாள். நாங்கள் நாலைந்து பிள்ளைகள் பக்கத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தோம்.

"எங்க தப்புனேன்னே தெரியல. சுண்ணாம்பு வெச்ச பல்லுக்குப் பல்லு சரியாத்தான வெச்சேன்."

சித்தியின் கை நின்றது. "சுண்ணாம்புங்களா? அந்தச் சக்கரத்துலயா?"

"ஆமா. நீங்க பொம்பளைங்ககூட அதும்மேலயே பொட்டு வெச்சிருந்தீங்களே."

"ஏனுங்க... அந்தச் சக்கரத்தைப் புளி போட்டுத் தேச்சதே நாந்தானுங்க. சுண்ணாம்பெல்லாம் அப்பவே போயிருச்சு."

"அப்ப அந்தப் பொட்டு?"

"நாந்தான் வெச்சேன்."

"எந்த எடம்னு பாத்து வெச்சே?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வெச்சா அழகா இருக்கும்னு பாத்து வெச்சேனுங்க."

சித்தப்பா அவளைப் பார்த்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சாக்கின் மேல் அப்படியே மல்லாந்து விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீங்கிய கையால் தரையை அடித்துவிட்டு, ஐயோ என்று கத்தி, மறுபடியும் சிரித்தார். சித்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வெயில் சாய்வதற்குள் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். சக்கரங்களின் சந்தனத்தைக் கழுவிப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு பல்லின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அழுக்குக்குள் தேட முடியாது என்று அவர் விட்டுவிட்ட கம்பெனிக் குறி.

"பாத்தியா, நான் தேய்க்கச் சொன்னதாலதான் தெரிஞ்சுது" என்றாள் பெரியம்மா. அதை அவள் கடைசி வரை எல்லாரிடமும் சொன்னாள். நான் எழுதி வைத்துக்கொண்டிருக்கும் குடும்ப வரலாற்றில் அவளுடைய அந்தக் கட்சியையும் பதிவு செய்திருக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

குழியும் குழியும் பார்த்து நிற்கும்படி வைத்துச் செயினை மாட்டினார். இந்தத் தடவை ஊரைக் கூப்பிடவில்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. வீங்காத கையால் ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டு, வயிறு நிறைந்த பூனைபோல் ஓடியது. முன்விளக்குக் கண்ணாடி அசையவில்லை. இடது பக்கக் கதவு மூடியபடியே இருந்தது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். "மோர் கொண்டா" என்றார்.

டம்ளர் பானட்டின் நடுவில் நின்றது. மோரின் மேல் மெல்லிய சுருக்கம் ஓடியது, அவ்வளவுதான். நாங்கள் கைதட்டினோம்.

"இரு இரு, விளிம்புக்கு இன்னும் ஒரு நூலு இருக்குது. ஊத்து" என்றார் பெரியப்பா. பெரியம்மா ஊற்றினாள். நின்றது. கைதட்டினோம்.

"நடுவுல வெச்சா எந்த வண்டியும் நிக்கும். ஓரமா வை." ஓரத்தில் வைத்தார்கள். நின்றது.

"விளக்கப் போடு." போட்டார் சித்தப்பா. நின்றது.

"எஞ்சின் நல்லாச் சூடாவட்டும். அப்பறம் பாப்போம்." சூடாகும் வரை எல்லாரும் நின்றோம். மோரும் நின்றது.

சித்தப்பா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று சொன்னதையெல்லாம் செய்தார், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே வந்தது. கதவோரம் நின்ற சித்தி இப்போது சிரிக்கவில்லை. பெரியம்மா மட்டும் மெதுவாக, "போதுங்க. சின்னஞ்சிறுசுங்க, போயிட்டு வரட்டும்" என்றாள். மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கே போய்விட்டு வருவதைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

தை மாதத்தில் சித்தப்பாவும் சித்தியும் தர்மபுரிக்குக் குடி போனார்கள். அதற்குப் பிறகு ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டுப் பந்தியில் இரண்டு இலைதான் சேர்ந்து விழுந்தது.

ஆனால் அன்று மாலை எனக்கு அதெல்லாம் தெரியாது. பெரியப்பா குனிந்து, கண்ணை டம்ளரின் விளிம்புக்கு நேராக வைத்து, வெகுநேரம் பார்த்தார். ஒரு சொட்டாவது விழுமா என்று பார்க்கிறவரைப்போல இருந்தது. எல்லாவற்றையும்விட வேடிக்கையான விளையாட்டு இதுதான் என்று முடிவு செய்து, நான்தான் முதலில் கத்தினேன்: "இன்னொரு தடவ, பெரியப்பா! இன்னொரு தடவ!" மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தக் கூட்டத்திலேயே தன் கட்சியில் இருப்பது நாங்கள் மட்டுமே என்பதுபோல் அவ்வளவு பிரியமாகப் பார்த்தார். கார் சரியான சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் பலமாகக் கைதட்டினேன்.